பாட்டு ஒன்றுக்கு 80,000 டாலர்!

உங்கள் வீட்டில் இன்டர்நெட் பில் யார் பெயரில் வருகிறது? அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அது என் தாயார் பெயரில் வருகிறது. மாதம் பிறந்தால் பணத்தைக் கட்டி, ரசீதை அலமாரியில் செருகி வைப்பதோடு அவருக்கும் அந்தச் சமாசாரத்துக்கும் உள்ள உறவு தீர்ந்தது. அதன் வழியாகப் பேரன் எதைக் கேட்கிறான், பேத்தியின் சிநேகிதி எதை எடுத்துப் போகிறாள், பக்கத்து வீட்டுப் பையன் சுவருக்கு அந்தப்புறம் உட்கார்ந்துகொண்டு எதை இழுக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு தாயாருக்கு ஒரு நாள் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'உங்கள் கணக்கின் வழியாக எங்கள் பாட்டுகள் திருட்டுத்தனமாக ஊருக்கெல்லாம் போயிருக்கின்றன. சட்டப்படி பாட்டு ஒன்றுக்கு 750 டாலர் முதல் 1,50,000 டாலர் வரை நஷ்டஈடு கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் சில ஆயிரம் டாலர் கொடுத்தால் ராஜியாகப் போகச் சம்மதம்' என்பது அதன் சாராம்சம். அந்த அம்மாள் என்ன செய்வார்?

அமெரிக்காவில் 2003-ஆம் வருஷத்திலிருந்து 2008 வரை இந்த மாதிரி நோட்டீசோ சம்மனோ பெற்றவர்கள் சுமார் 35,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பணத்தைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். கட்ட மாட்டேன் என்று நிமிர்ந்து நின்ற சிலரால்தான் கோர்ட்டுக்குள் நடந்த வேடிக்கைகள் வெளியே தெரிந்தன. அந்தச் சிலரில் பல பேர் தாய்மார்கள். காரணம் வேறொன்றுமில்லை, பில் அவர்கள் பெயரில் வந்துகொண்டிருந்தது.

முதலில் கம்பெனிக்காரர்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நாய் ஒன்று கிராமபோன் குழாய் முன் உட்கார்ந்து கேட்கிற படம் போட்ட இசைத்தட்டை நம் பாட்டிமார் பத்திரமாக வைத்திருப்பார்கள். அந்தத் தட்டை எதிர்வீட்டு மாமி இரவல் வாங்கிப் போனால், திரும்பி வரும்வரை நம் வீட்டில் பாட்டு இல்லை. ஆனால் 1999-ல் ஷான் ஃபானிங் என்ற அமெரிக்க இளைஞர் 'நாப்ஸ்டர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் நம் பாட்டு நம்மிடமே இருக்கும். அதன் நகல் மட்டும் முன்பின் தெரியாத லட்சம் பேருக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒருவரும் காலணா கொடுக்க வேண்டியதில்லை. பாடியவர், எழுதியவர், மெட்டுப் போட்டவர், தட்டு அடித்தவர் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். திருட்டு திருட்டுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கம்பெனிகள் வழக்குப் போட்டு 2001-ல் நாப்ஸ்டரை மூட வைத்தன. ஒன்று போனால் ஒன்பது முளைத்தது. 'கஸா' என்று ஒன்று வந்தது. அதற்கு நாப்ஸ்டரைப்போல் பாட்டுகளின் பட்டியலை வைத்திருக்கும் ஒரே தலைமையிடம் கிடையாது. ஆகவே பிடித்து மூடுவது எளிதாக இல்லை. கடையை மூட முடியாதபோது என்ன செய்வது? கடைக்கு வருகிறவர்களைப் பிடிப்பது என்று அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் முடிவு செய்தது. யுனிவர்சல், சோனி, வார்னர், நாய் படத்துக்குப் பெயர் போன ஈ.எம்.ஐ. எல்லாரும் அதன் பின்னால் நின்றார்கள்.

2003 செப்டம்பர் 8-ஆம் தேதி ஒரே நாளில் 261 பேர்மேல் வழக்கு. அந்த 261 பேரில் ஒருத்தி நியூயார்க்கில் ஏழைகளுக்காகச் சர்க்கார் கட்டிய குடியிருப்பில் வசித்த பள்ளிச் சிறுமி. வயது 12. அந்த மென்பொருளுக்குச் சுமார் 30 டாலர் பணமும் கட்டியிருந்தார்கள். பணம் கட்டியாயிற்றே, இனி பாட்டு இறக்குவதில் தப்பில்லை என்று தாயும் மகளும் நினைத்தார்கள். மறுநாளே தாயார் 2,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு ராஜி செய்தார். ஊரெல்லாம் சிரித்தது. சங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

ஆளை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பீர்கள். 'மீடியா சென்ட்ரி' என்றொரு துப்பறியும் நிறுவனத்தை அமர்த்தினார்கள். அதன் ஆட்கள் மற்றவர்களைப்போலவே கஸாவுக்குள் நுழைந்து, யார் யார் எத்தனை பாட்டை மற்றவர் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சில பாட்டுகளை இறக்கிப் பார்த்து, அந்தக் கணக்கின் ஐ.பி. எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அந்த எண் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி. எந்த வீடு என்று சொல்லும். வீட்டுக்குள் எந்தக் கை என்று சொல்லாது. அங்கேதான் கோளாறு ஆரம்பம். (துப்பறிகிறவர்களிடமே துப்பறியும் லைசென்ஸ் இல்லை என்று 2008-ல் மிச்சிகன் மாநில அதிகாரிகள் கிளப்பினார்கள் என்பது வேறு தமாஷ்.)

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 66 வயதான ஓர் அம்மாளுக்கு, அவர் ஆயிரக்கணக்கில் பாட்டுத் திருடினார், அதிலும் முரட்டு 'ராப்' பாட்டு, என்று வழக்கு வந்தது. அவரிடம் இருந்ததோ மாக்கின்டாஷ் கம்ப்யூட்டர். அந்தக் காலத்தில் கஸா அந்தக் கம்ப்யூட்டரில் ஓடவே ஓடாது! வழக்கு வாபஸ் ஆயிற்று. 'மன்னிக்கவும்' என்று சொன்னார்களோ? இல்லை. மறுபடி வழக்குப் போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டார்கள்.

மேற்கு வர்ஜீனியாவில் 83 வயதான பாட்டி ஒருவர்மேல் 2005 தொடக்கத்தில் வழக்கு. பாட்டியோ 2004 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது என்று மகள் சொன்னார். மிச்சிகனில் ஒருவர், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார். 2006-ல் கம்பெனி வக்கீல்கள் கோர்ட்டில் ஒரு மனுப் போட்டார்கள். குடும்பத்தார் துக்கம் அனுஷ்டிக்க 60 நாள் அவகாசம் தருகிறோம். அதற்கப்புறம் இறந்தவரின் பிள்ளைகளை விசாரிக்க அனுமதி வேண்டும் என்றார்கள். பத்தும் பதினாறும் நாம் கேள்விப்பட்டதுண்டு. துக்கத்துக்கு வக்கீல்கள் கெடு வைத்து இப்போதுதான் கேள்விப்படுகிறேன். செய்தி வெளியே வந்து ஜனங்கள் கொதித்த பிறகு வழக்கைக் கைவிட்டார்கள்.

எண்ணிலிருந்து பெயருக்குப் போன வழியும் நேர்வழி அல்ல. ஆரம்பத்தில், நீதிபதி பார்க்காமலே கோர்ட்டுக் குமாஸ்தா முத்திரை குத்திக் கொடுக்கும் ஒரு சம்மனை வைத்து, இன்டர்நெட் கம்பெனிகளிடம் பெயர்களைக் கேட்டார்கள். 'வெரைஸான்' என்ற டெலிபோன் கம்பெனி, கொடுக்க மாட்டேன் என்று எதிர்த்து நின்றது. 2003 டிசம்பரில் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு, இந்தச் சம்மன் செல்லாது என்றது.

அடுத்த மாதமே வேறு வழி. அமெரிக்கக் கோர்ட்டுகளில் பெயர் தெரியாத ஆசாமிக்கு 'ஜான் டோ' என்று பெயர் வைப்பார்கள். நம் ஊர்க் குப்பன் சுப்பன் மாதிரி. ஒருவரையொருவர் அறியாத 532 குப்பன் சுப்பன்களை நான்கே வழக்குகளில் கட்டி 2004 ஜனவரியில் தாக்கல் செய்தார்கள். எதிர்க்கட்சி யாரென்றே தெரியாததால் எதிர்த்துப் பேச ஆளில்லை. நீதிபதியிடம் தனியாகப் போய், பெயர்களைத் தர உத்தரவு வாங்குவார்கள். பெயர் கைக்கு வந்ததும் அந்த வழக்கை விட்டுவிட்டு, நோட்டீஸ் அனுப்புவார்கள். தனக்கு விரோதமாக ஒரு வழக்கு நடந்து முடிந்தது என்பதே அந்த வீட்டு அம்மாளுக்கு அப்போதுதான் தெரியும். 2004 நவம்பரில் டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டின் நகர நீதிபதிகள், சம்பந்தமில்லாதவர்களை இப்படி ஒரே கயிற்றில் கட்டாதீர்கள், தனித்தனியாகக் கட்டணம் கட்டி வழக்குப் போடுங்கள் என்று உத்தரவிட்டார்கள். மற்ற ஊர்களில் கட்டுவது நிற்கவில்லை.

நோட்டீஸ் வந்த பிறகு நடப்பது வழக்கு அல்ல, வியாபாரம். ராஜி பேசுவதற்கென்றே தனி டெலிபோன் ஆபீஸ் ஒன்று வைத்தார்கள். மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம் என்று தொகை சொல்வார்கள். 2007-ல் காலேஜ் மாணவர்கள் பக்கம் திரும்பி, முதல் தடவையாக 400 கடிதங்கள் அனுப்பினார்கள். சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி! இன்டர்நெட்டிலேயே கிரெடிட் கார்டு எண்ணைத் தட்டிப் பாவத்தைத் தொலைக்கவும் ஏற்பாடு உண்டு. ஆடித் தள்ளுபடிக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான். ஆடியில் கையில் ஒரு புடவையாவது மிஞ்சும்.

'நான் செய்யவில்லையே, ஏன் கட்ட வேண்டும்?' என்று நீங்கள் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் வக்கீல் வைத்து இப்படியொரு வழக்கை நடத்த, ராஜித் தொகையைப்போல் பத்து மடங்கு, இருபது மடங்கு செலவாகும். இது சிவில் வழக்கு. ஏழைக்குச் சர்க்கார் வக்கீல் கிடையாது. வாயைத் திறக்காவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். கோர்ட்டுப் படி ஏறினால் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதைக் கம்பெனி வக்கீல்களும் அறிந்திருந்தார்கள். குற்றம் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே விலை. அதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

இனி நிமிர்ந்து நின்றவர்களைப் பார்ப்போம். நியூயார்க் மாநிலத்தில் ஐந்து குழந்தைகளின் தாய் ஒருவர் 2005-ல் வக்கீல் இல்லாமல் தனியாகக் கோர்ட்டுக்கு வந்தார். எதிர்த் தரப்பு வக்கீல், அம்மாள் நேரடியாக எங்கள் ராஜி ஆபீசோடு பேசிக்கொள்ளலாமே என்றார். நீதிபதி காலின் மக்மேஹன் ஒரு பெண்மணி. என் கோர்ட்டில் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டீர்கள், இனி அந்த ஆபீசுக்கு இங்கே வேலையில்லை என்று வெட்டினாற்போல் சொல்லிவிட்டார். பிரதிவாதி அம்மாளைப் பார்த்து, ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தாயார் எதிர்த்துப் போராடுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது என்றும் சொன்னார்.

தாயார் போராடத்தான் செய்தார். கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? 2006 நவம்பரில் அவருடைய இரண்டு பிள்ளைகள்மேல் புதிதாக வழக்குப் போட்டன. மகளுக்கு வயது 20, மகனுக்கு 16. அப்புறம் தாயார்மேல் இருந்த வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. தாயை விட்டார்கள், குட்டிகளைப் பிடித்தார்கள். நாலு வருஷ அலைச்சலுக்குப் பின் 2009-ல் 7,000 டாலருக்கு அந்த வீட்டில் ராஜியாயிற்று.

ஓக்லஹோமாவில் ஒரு தாயாருக்கு வேறு மாதிரி முடிவு. கணக்கு அவர் பெயரில் இருந்தது. பாட்டு இறக்கியதாகச் சொல்லப்பட்டவள் வயது வந்த மகள். கணக்கு வைத்திருந்ததே குற்றம் என்று வாதித்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மெல்ல வழக்கிலிருந்து நழுவப் பார்த்தார்கள். 'என்னை இழுத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போனால் என் வக்கீல் செலவு யார் தலையில்?' என்று அம்மாள் பிடித்துக்கொண்டார். 2007-ல் நீதிபதி லீ வெஸ்ட் 68,685 டாலரைக் கம்பெனிகள் தலையிலேயே கட்டினார். ஓரகன் மாநிலத்தில் உடம்பு சரியில்லாத, துணையில்லாத ஒரு தாயாரின் வழக்கில், பத்து வயது மகளையும் விசாரிக்க வேண்டும் என்றார்கள். ஒன்றும் நிரூபணமாகாமல் 2007-ல் அந்த வழக்கும் வாபஸ் ஆயிற்று. மறு வருஷம் அவருக்கும் ஒரு லட்சத்து ஏழாயிரம் டாலருக்கு மேல் வக்கீல் செலவு கொடுக்கும்படி ஆயிற்று.

பிரதிவாதித் தரப்பு எல்லாம் புடம் போட்ட தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பாஸ்டனில் ஒரு பல்கலைக்கழக மாணவருக்காக ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சார்லஸ் நெஸ்ஸன் வாதாட வந்தார். நீதிபதி நான்ஸி கெர்ட்னர். இந்த அம்மாள் 2008-லேயே கம்பெனி வக்கீல்களிடம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம், ஆனால் வக்கீல் வைக்க வழியில்லாதவர்களை நீங்கள் ஓட்டாண்டியாக்கிக்கொண்டிருக்கிறீர்கள், இதை நிறுத்துங்கள் என்று கடிந்துகொண்டவர். இதைவிட அனுகூலமான நீதிபதி கிடைப்பாரா? பேராசிரியரோ எதிர்த் தரப்பினரின் பேச்சை அவர்கள் சம்மதமின்றி ஒலிப்பதிவு செய்தார், அதை ஊரறிய இன்டர்நெட்டில் போட்டார், கண்டனம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மாணவர் சாட்சிக் கூண்டில் ஏறி, ஆமாம், நான்தான் செய்தேன், முன்பு எழுதிக் கொடுத்த பதில்களில் பொய் சொன்னேன் என்றார். 2009 ஜூலையில் ஜூரி 30 பாட்டுக்கு 6,75,000 டாலர் தீட்டியது. வாதம் ஒரே குழப்பமாக இருந்தது, ஒழுங்காக வாதித்திருந்தால் கவனித்திருப்பேன் என்ற பொருள்பட நீதிபதி பிறகு எழுதினார். நல்ல கேஸைக் கெடுக்க மேதாவி வக்கீல் ஒருவர் போதும். நீதிபதி அந்தத் தொகையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தார். அப்பீலில் மறுபடி முழுத் தொகையும் ஏறிக்கொண்டது.

கடைசியாக மின்னசோட்டா மாநிலத்துத் தாயார். தலைப்பில் உள்ள எண்பதாயிரம் இவருக்கு விதிக்கப்பட்டதுதான். ஐயாயிரம் டாலர் அளவில் ராஜி பேசினார்கள், அவர் மறுத்தார். அவர் கணக்கில் 1,702 பாட்டுகள் கண்டதாகச் சொன்னாலும், வழக்குக்கு எடுத்துக்கொண்டது 24. உள்ளதைச் சொன்னால், அவர் கட்சி பலமான கட்சி அல்ல. கம்ப்யூட்டரில் பாட்டு தங்கும் 'ஹார்டு டிரைவ்', துப்பறிகிறவர்களின் எச்சரிக்கைக்கு அடுத்த மாதம் மாற்றப்பட்டிருந்தது. மூன்று தடவை விசாரணை நடந்தது. முதல் இரண்டு ஜூரியும் அவர் சொன்னதை நம்பவில்லை.

ஆனால் தொகையைப் பாருங்கள். 2007 அக்டோபரில் முதல் ஜூரி: 2,22,000 டாலர். அந்த விசாரணையில், பாட்டை எவராவது எடுத்துக்கொண்டதாக நிரூபிக்க வேண்டாம், எடுக்கும்படி திறந்து வைத்திருந்தாலே போதும் என்று ஜூரிக்குச் சொல்லும்படி கம்பெனி வக்கீல்கள் கேட்டு வாங்கியிருந்தார்கள். அது சட்டப் பிசகு என்று நீதிபதி மைக்கேல் டேவிஸ் பின்னால் தாமே உணர்ந்து, 2008 செப்டம்பரில் தீர்ப்பை ரத்து செய்தார். தம் பிசகைத் தாமே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் நீதிபதிக்கு ஒரு கும்பிடு போடலாம். இருபத்துநாலு இசைத்தட்டை முழுசாக விலைக்கு வாங்கினாலும் ஆகும் தொகையைப்போல் ஐந்நூறு மடங்குக்கு மேல் தண்டமா, சட்டத்தை மாற்றுங்கள் என்று பார்லிமெண்டையும் கேட்டுக்கொண்டார்.

2009 ஜூனில் இரண்டாவது ஜூரி. பாட்டு ஒன்றுக்கு 80,000 வீதம் 19,20,000 டாலர்! ஐட்யூன்ஸ் கடையில் 2003-ல் பாட்டின் விலை 99 சென்ட். நீதிபதி இதை அரக்கத்தனமான தொகை என்று சொல்லி, 2010 ஜனவரியில் 54,000-ஆகக் குறைத்தார்.

அப்போது கம்பெனிகள் ஒரு தூது அனுப்பின. 25,000 டாலர் கொடுத்தால் போதும். அதுவும் எங்களுக்கு வேண்டாம், நலிந்த இசைக் கலைஞர்களின் தர்ம நிதிக்குப் போகட்டும். ஆஹா, என்ன தாராளம் என்று தோன்றுகிறதல்லவா? கூடவே ஒரு நிபந்தனை. நீதிபதி தொகையைக் குறைத்து எழுதிய அந்தத் தீர்ப்பை அழித்துவிடும்படி அம்மாளும் சேர்ந்து கேட்க வேண்டும். பணத்தை விட்டுக்கொடுக்கத் தயார். பயமுறுத்துகிற அந்தப் பெரிய எண்ணை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அடுத்த வீட்டு அம்மாளுக்கு நோட்டீஸ் அனுப்ப அந்த எண் வேண்டுமே! இத்தனைக்கும் புது வழக்குகள் போடுவதை நிறுத்திவிட்டோம் என்று 2008 டிசம்பரிலேயே அறிவித்தாகிவிட்டது.

அம்மாள் முடியாது என்றார். மூன்றாவது ஜூரி 15,00,000 என்றது. நீதிபதி மறுபடி 54,000 என்றார். 2012 செப்டம்பரில் அப்பீல் கோர்ட்டு, முதல் ஜூரி சொன்ன 2,22,000-தான் சரி என்று சுற்றி வந்து நின்றது. 2013 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அவர் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அவ்வளவு பணம் என்னிடம் கிடையாது என்று முதலிலிருந்தே அவர் சொல்லி வந்தார். அந்த இருபத்துநாலு பாட்டையும் 99 சென்ட் வீதம் கடையில் வாங்கியிருந்தால் 23 டாலர் 76 சென்ட் ஆகியிருக்கும்.